எக்ஸ்ரே ஃபிலிமைச் சோதிக்க: ஸ்டெப் வெட்ஜா, சென்சிட்டோமீட்டரா?

எவ்வளவு கதிருக்கு ஃபிலிம் எவ்வளவு கறுக்கிறது என்று அளக்க இரண்டு வழி. கேசட் (ஃபிலிம் இருக்கும் ஒளிபுகாப் பெட்டி) மேல் அலுமினிய ஸ்டெப் வெட்ஜை, அதாவது படிக்கட்டுபோலத் தடிமன் ஏறும் கட்டையை, வைத்து எக்ஸ்ரே போடலாம். இல்லாவிட்டால் டார்க் ரூமில் சென்சிட்டோமீட்டர் என்ற கருவியால் அளந்த வெளிச்சம் காட்டி, படிப்படியாகக் கறுப்பு ஏறும் 21 படிகளைப் பதிக்கலாம். எதில் பதித்தாலும், கறுப்பின் அடர்த்தியை டென்சிட்டோமீட்டரில் அளந்து வரைவது, எக்ஸ்போஷருக்கு (ஃபிலிம் மேல் விழும் கதிர் அல்லது ஒளியின் அளவு) அடர்த்தி எப்படி ஏறுகிறது என்று 1890-ல் ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் காட்டிய வளைகோட்டைத்தான்.

வெட்ஜ் மலிவு, கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை. அது தெரிந்த கதை. இருந்தும் பிராசசரை (ஃபிலிமைக் கழுவும் இயந்திரம்) தினமும் சோதிக்க நாங்கள் எடுத்தது சென்சிட்டோமீட்டர். காரணம் ஒன்றே ஒன்று: அதன் எக்ஸ்போஷர் நாளுக்கு நாள் மாறாது.

காலையில் படிகள் பதிந்த ஃபிலிம் ஸ்ட்ரிப் நேற்றையதைவிடக் கறுப்பாக வருகிறது என்று வையுங்கள். வெட்ஜில் எடுத்ததென்றால் டெவலப்பர் (படத்தை வெளிக்கொணரும் ரசாயனம்) சூடா, கேவிபி (எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம்) ஏறிவிட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. படிகள் சம தடிமனாக இருந்தாலும், அலுமினியத்தில் புகப் புகக் கதிரின் ஊடுருவும் திறன் கூடிக்கொண்டே போவதால், எக்ஸ்போஷர் படிக்குப் படி ஒரே விகிதத்தில் குறையாது; கேவிபி மாறினால் அந்த விகிதமும் மாறும். போதாக்குறைக்கு எக்ஸ்ரே குழாயின் ஆனோடு (நேர்மின்முனை) பக்கம் கதிர் குறைவு என்பதால் வெட்ஜை ஆனோடு-கேத்தோடு அச்சுக்குக் குறுக்காக வைக்க வேண்டும். அவசரத்தில் யார் பார்ப்பார்கள்?

சென்சிட்டோமீட்டரில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு படி ஏறினால் எக்ஸ்போஷர் இரட்டிப்பு, அவ்வளவுதான். ஒரே பெட்டி ஃபிலிமில் வித்தியாசம் வந்தால் முதலில் பிராசசரைத்தான் பார்க்க வேண்டும். வெளிச்சம் படாத ஓரத்தின் ஃபாக் (வெளிச்சமில்லாமலே வரும் கறுப்பு), வேகத்துக்கு அதற்கு மேல் 1.0 அடர்த்தியை ஒட்டிய படி, கான்ட்ராஸ்டுக்கு இரண்டு படிகளின் வித்தியாசம்: இந்த மூன்றைக் குறித்தால் போதும். வேகமும் ஃபாக்கும் சேர்ந்து ஏறினால் டெவலப்பரில் தெர்மாமீட்டரை வையுங்கள். வேகம் அப்படியே இருக்க ஃபாக் மட்டும் ஏறினால் டார்க் ரூமின் சேஃப்லைட்டையும் ஃபிலிம் வைத்திருக்கும் இடத்தையும் பாருங்கள்.

பதித்த கையோடு பிராசசரில் விட வேண்டும். நேரமாக ஆக, பதிந்தது மங்கும். ஸ்ட்ரிப்பின் வெளிர் முனை முன்னால் போக வேண்டும், தினமும் ட்ரேயின் ஒரே பக்கம். சென்சிட்டோமீட்டரின் ஒளி நீலமா பச்சையா என்ற ஸ்விட்சும் ஃபிலிமுக்கு ஏற்ப இருக்கட்டும்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: ஸ்கிரீனைப் (கேசட்டுக்குள் எக்ஸ்ரேயை ஒளியாக மாற்றும் தகடு) பற்றி சென்சிட்டோமீட்டர் வாயே திறக்காது. புது ஃபிலிம்-ஸ்கிரீன் ஜோடி வாங்கும்போது வெட்ஜ்தான் வேண்டும். அதற்கும் முன்பு, கேவிபியை மாற்றாமல் எம்ஏஎஸ்ஸை (குழாய் மின்னோட்டம் × நேரம்) மட்டும் இரட்டித்து இன்னொரு படம் எடுத்து, ஒவ்வொரு படியும் எவ்வளவு எக்ஸ்போஷருக்குச் சமம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மேமோகிராபி (மார்பக எக்ஸ்ரே) ஃபிலிமில் நான் அதிகம் வேலை பார்த்ததில்லை. மேலே சொன்னதெல்லாம் சாதாரண ரேடியோகிராபிக்கு.