விலையை மிஞ்சிய கடன் பாக்கி: நெல்லை வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா, ஒத்திக்கு விடுவதா?

பாளையங்கோட்டைப் பக்கம் வங்கிக் கடனில் வீடு வாங்கிய ஒரு குடும்பத்துக்கு மூன்றே ஆண்டுகளில் கோவைக்குப் பணிமாறுதல் வருகிறது என்று கொள்வோம். வீட்டின் விலை 30 லட்சம். கடன் 27 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாகக் கைக்காசிலிருந்து போன 2.7 லட்சம் திரும்பி வராத பணம். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 23,400 ரூபாய். 36 தவணைகளில் 8.4 லட்சம் கட்டிய பிறகும் அசலில் 1.75 லட்சம்தான் குறைந்து, 25.25 லட்சம் பாக்கி நிற்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் புகுந்த தெருவாக இருந்தால், வீடு பார்க்க வருகிறவர் சுவரில் கறை தேடிக்கொண்டே "தண்ணி எதுவரைக்கும் ஏறிச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசுவார். 23 லட்சத்துக்கு மேல் கேட்பார் இல்லையென்றால் துண்டு விழுவது 2.25 லட்சம்.

பெரும்பாலோர் அந்தத் துண்டுத் தொகைக்கு அஞ்சி, வாடகைக்கு விட்டுவிட்டுப் போவதே நட்டமில்லாத வழி என்று முடிவு செய்கிறார்கள். அந்த முடிவைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. தவணையில் அசலுக்குப் போகும் பகுதி நம் கடனைக் குறைப்பதால் அதைச் செலவாகக் கொள்ள வேண்டியதில்லை; வட்டியிலிருந்து வாடகையைக் கழித்தால் வருவதே வீட்டை வைத்திருப்பதன் உண்மையான செலவு. இங்கே மாத வட்டி சுமார் 17,900. வாடகை 9,000 வந்தால் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குச் சற்று மேல் கைவிட்டுப் போகிறது, வீட்டுவரியும் பழுதுபார்ப்பும் தனி. ஆகவே வீட்டின் விலை ஆண்டுதோறும் அந்த அளவாவது ஏறும் என்று நம்ப இடமில்லாவிட்டால், காத்திருப்பது நட்டத்தைத் தள்ளிப்போடவில்லை, கூட்டுகிறது. பழைய வரிமுறையில் இருப்பவர்கள் வீட்டு வருமான நட்டத்தை ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் கழித்துக்கொள்ள முடிவதால் சுமை சற்றுக் குறையும். புதிய வரிமுறையில் அதற்கு வழியில்லை.

விற்பதென்றால், மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி முடிப்பதற்கு வங்கி அபராதம் வாங்கக் கூடாது. முழுப் பாக்கியும் கட்டிய 30 நாட்களுக்குள் மூலப் பத்திரத்தைத் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023ஆம் ஆண்டு உத்தரவு. அதே சமயம், அசலுக்கு வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் கழிவு பெற்றவர்கள், வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து 5 ஆண்டுகளுக்குள் விற்றால், பெற்ற கழிவு அத்தனையும் விற்ற ஆண்டின் வருமானத்தில் சேரும் என்பதைத் துண்டுத் தொகையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்தத் தொகையை எங்கிருந்து புரட்டுவது என்பதில்தான் என் மனம் பதறுகிறது. சேமிப்பிலிருந்தோ, வங்கியில் நகையை வைத்தோ கட்டலாம். கந்துவட்டிக்கு மட்டும் வாங்கவே கூடாது. 2003 முதல் அது சட்டப்படி குற்றம். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை இந்த ஊர் மறக்கவில்லை.

ஒத்திக்கு விட்டு, அதாவது மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக 5 லட்சம் வாங்கிக்கொண்டு ஒருவரைக் குடிவைத்து, அதைக் கடனில் கட்டிவிடலாம் என்ற யோசனை நம் பக்கத்தில் எளிதாக எழுவது. ஆனால் 5 லட்சம் கட்டினால் மிச்சமாகும் வட்டி மாதம் 3,500 ரூபாய் அளவே. அதற்காக 9,000 ரூபாய் வாடகையை விடுகிறோம், ஒத்திக் காலம் முடிந்ததும் 5 லட்சத்தையும் திருப்பித் தர வேண்டும். வங்கியின் சம்மதம் இல்லாமல் ஒத்தி எழுதினால், ஒத்திக்கு வந்தவரின் உரிமை வங்கியின் உரிமைக்குப் பின்னால்தான் நிற்கும். ஏலம் வந்தால் முதலில் தவிப்பது அவர் குடும்பம்.

கடனை நம் பெயரிலேயே வைத்துக்கொண்டு நம் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதி வீட்டைக் கைமாற்றுவதை அறவே தவிர்க்க வேண்டும். பவர் மூலம் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்கியவர் தவணையை நிறுத்தினால் நோட்டீஸ் நமக்குத்தான் வரும். சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டு விலகுவதும் தீர்வாகாது, ஏலத்தில் குறைந்த தொகையையும் நம்மிடமே கேட்பார்கள்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் ஊருக்குத் திரும்புவது உறுதி என்றால் வாடகைக்கு விடுவதே சரி, ஏனென்றால் விற்றுவிட்டு மறுபடி வாங்கினால் 9 சதவீதப் பத்திரச் செலவு இன்னொரு முறை விழும். அந்த உறுதி இல்லாதவர்கள் வாங்குபவரிடம் முன்பணம் பெறுவதற்கு முன்பே, பாக்கித் தொகையையும் வங்கியிலுள்ள ஆவணங்களின் பட்டியலையும் எழுத்தில் வாங்கி, வில்லங்கச் சான்றோடு அவரிடம் காட்டிவிட வேண்டும்.