என்விரான்மென்டலா, சிவிலா, கெமிக்கலா? சாய்ஸ் நிரப்பும் முன் ஓர் அலசல்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து கவுன்சலிங் முடியும்வரை எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "மாமா, தண்ணி, குப்பை, காத்து மாசு, இந்த மாதிரி வேலைக்குப் போகணும்னு ஆசை. என்விரான்மென்டல் இன்ஜினியரிங்கே எடுத்துடட்டுமா?" திருப்பூர்ப் பக்கம் சாயக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் இருப்பவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். ஆசை சரி. அந்த வேலைக்கு அந்தப் பெயருள்ள பட்டம் ஒன்றுதான் வழி என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

இன்ஜினியரிங் படித்து இந்தத் துறைக்குள் வர இங்கே மூன்று வாசல் உண்டு. நேராக பி.இ. என்விரான்மென்டல். பி.இ. சிவில் முடித்து, பிறகு எம்.இ. என்விரான்மென்டல். இல்லையென்றால் பி.டெக். கெமிக்கல். பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியலையும் சிலர் கேட்கிறார்கள், அதைப் பிறகு பார்ப்போம்.

வேலை எப்படி இருக்கும் என்பதிலிருந்து தொடங்குவோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கலாம். கழிவுநீர் நொய்யல் ஆற்றுக்குள் போகவே கூடாது என்பதுதான் நிபந்தனை. அதனால் இங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சாய நீரை முதலில் பாக்டீரியாவை வைத்துச் சுத்தம் செய்து, ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டியில் விட்டு, மிஞ்சும் உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பைத் தனியே எடுக்கிறார்கள். தண்ணீரும் உப்பும் திரும்பப் பட்டறைக்கே போகும்.

ஒரு காலையில், பாக்டீரியாவுக்குக் காற்று ஊதும் ஏரேஷன் டேங்க்கில் ஸ்லட்ஜ், அதாவது பாக்டீரியாச் சேறு, படியவில்லை என்று வையுங்கள். டேங்க் நீரை ஒரு லிட்டர் அளவு ஜாடியில் பிடித்து 30 நிமிடம் ஆடாமல் வைப்பார்கள். நல்ல நாளில் பழுப்பு ஸ்லட்ஜ் 300 மில்லி கோட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும், மேலே தெளிந்த நீர் நிற்கும். மோசமான நாளில் 800 மில்லி கோட்டிலேயே பஞ்சுபோல் உப்பிக்கொண்டு நிற்கும். நூல்நூலாக வளரும் பாக்டீரியா பெருகிவிட்டதா, காற்று போதவில்லையா, நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைந்துவிட்டதா? மைக்ரோஸ்கோப்பை வைத்துப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது என்விரான்மென்டல் ஒழுங்காகப் படித்தவருக்குப் பழகிய வேலை. அதே நிலையத்தில் எவாப்பரேட்டர் குழாய்க்குள் உப்புப் படிந்து நீராவிச் செலவு எகிறினால் கெமிக்கல்காரரைத் தேடுவோம். டேங்க் சுவர் கசிந்தாலோ, குழாய்க்குச் சரிவு போதாமல் கழிவு தேங்கினாலோ சிவில்காரர் வர வேண்டும். மூன்று பேரின் விசிட்டிங் கார்டிலும் 'என்விரான்மென்டல் இன்ஜினியர்' என்றே போட்டிருக்கும், அது தனிக் கதை.

பாடத்திட்டத்தை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பெரிது. சிவிலில் குடிநீர், கழிவுநீர் பற்றி ஒன்றிரண்டு தாளும் ஒரு லேபும் வரும். மீதி கான்கிரீட், ஸ்டீல், மண், சர்வே, சாலை. தண்ணீர்மேல் ஆசை வைத்து வந்த பிள்ளைக்கு இரண்டாம் வருஷமே கசந்துபோகும். கெமிக்கலில் மாஸ் பேலன்ஸ், வெப்பப் பரிமாற்றம், ரியாக்டர் வடிவமைப்பு என்று போகும். கேட்க வேறு துறை மாதிரி இருக்கும், ஆனால் ஏரேஷன் டேங்க்கும் ஒரு ரியாக்டர்தானே. தொழிற்சாலைக் கழிவுநீருக்கு இந்த அடித்தளம் நன்றாகவே கைகொடுக்கும். நேர்ப் பட்டமான பி.இ. என்விரான்மென்டலில் நீர் வேதியியல், நுண்ணுயிரியல், காற்று மாசு, திடக்கழிவு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எல்லாம் தனித்தனித் தாளாகக் கிடைக்கும். படிப்பை மட்டும் பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது கணக்கு மாறிவிடுகிறது. குடிநீர் வடிகால் வாரியம், நகராட்சி, பொதுப்பணித் துறை போன்ற இடங்களின் பொறியாளர் பணி அறிவிப்புகளைப் பாருங்கள், கல்வித் தகுதியில் பெரும்பாலும் சிவில் என்றுதான் இருக்கும். உங்கள் பட்டத்தின் பெயர் வேறாக இருந்தால், இரண்டும் சமம் என்று அரசாணை காட்டச் சொல்வார்கள். அது கையில் இல்லாவிட்டால் தேர்வில் நல்ல மார்க் எடுத்தும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்க வேண்டியதுதான். யு.பி.எஸ்.சி. நடத்தும் இன்ஜினியரிங் சர்வீசஸ் தேர்வில் இப்படிப் பெயர்த் தடை கிடையாது. இருந்தாலும் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் என்று நாலே பிரிவுதான் அங்கே. சுற்றுச்சூழல் பொறியியல் சிவில் தாளுக்குள் ஒரு பகுதி மட்டுமே. மற்றதை நீங்களாக உட்கார்ந்து படித்து, நாலு வருஷம் அதையே படித்தவர்களோடு மோத வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலாவது என்விரான்மென்டலுக்குத் தனி மரியாதை இருக்கும் என்று நினைப்பார்கள். அங்கேயும் சிவில், கெமிக்கல் படித்துவிட்டு வந்த பொறியாளர்கள் நிறைய. ஆகவே வீட்டில் 'கவர்மென்ட் வேலை' என்ற பேச்சு பலமாக ஓடுகிறதென்றால் சிவில் எடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மேற்படிப்பில் நிலைமை நேர்ப் பட்டத்துக்குச் சாதகமாக மாறியிருக்கிறது. முன்பு என்விரான்மென்டல் மாணவர்களுக்கு என்று, எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கு எழுதும் கேட் தேர்வில் தனித்தாள் கிடையாது, சிவில் தாளை எழுதித் தடுமாறுவார்கள். 2021-ல் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலுக்குத் தனித்தாள் வந்துவிட்டது. அதே ஆண்டு முதல் ஒருவர் இரண்டு தாள் எழுதலாம் என்றும் ஆக்கினார்கள், அதனால் சிவில்காரர்களும் இந்தப் பந்திக்கு வந்துவிடுகிறார்கள். கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகச் சுற்றுச்சூழல் ஆய்வு மையம், கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.), திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. எல்லாவற்றிலும் இத்துறையில் முதுநிலை இருக்கிறது. சிவில் வழியில் வருபவருக்கு இரண்டு வருஷம் கூடுதல் என்பது நஷ்டம்தான், ஆனால் அந்த இரண்டு வருஷம் நல்ல லேப் உள்ள இடத்தில் கழியும். வெளிநாட்டில் எம்.எஸ். போகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அமெரிக்காவில் பெர்க்லி, ஸ்டான்போர்டு உட்படப் பல இடங்களில் சிவிலும் என்விரான்மென்டலும் ஒரே துறைதான்.

தனியார் பக்கம் வந்தால், இ.டி.பி. (ஆலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்), எஸ்.டி.பி. (சாக்கடை நீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) கட்டித் தரும் கம்பெனிகள் பட்டத்தின் பெயரைப் பார்ப்பதைவிட, வடிவமைப்புக் கணக்கு போடத் தெரியுமா என்றுதான் பார்க்கின்றன. ஒரு நாளைக்கு இத்தனை கன மீட்டர் கழிவு, உள்ளே வரும் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) இவ்வளவு, ஆற்றில் விடுவதென்றால் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, டேங்க் எவ்வளவு பெரிதாக வேண்டும், காற்று ஊதும் புளோயர் எத்தனை? பேப்பரைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். சுற்றுச்சூழல் அனுமதி வாங்கித் தரும் ஆலோசனை நிறுவனங்களில் நேர்ப் பட்டத்துக்குக் கொஞ்சம் மேல்கை உண்டு. 2006-ம் ஆண்டு அறிவிக்கையின்படி தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிப்பது எப்படி என்று அவர்கள் கல்லூரியிலேயே பார்த்திருப்பார்கள். சிமென்ட், உரம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் சுற்றுச்சூழல் பிரிவில் கெமிக்கலுக்கு வரவேற்பு அதிகம். அங்கே வேலை சரிப்படாவிட்டால் உற்பத்திப் பிரிவுக்கு மாறிக்கொள்ளும் வசதியும் அவர்களுக்கு உண்டு.

பி.எஸ்சி. படித்தவர்கள் பெரும்பாலும் லேபில் சாம்பிள் பரிசோதிக்கும் வேலைக்கு வருகிறார்கள். மரியாதையான வேலைதான். ஆனால் இன்ஜினியர் பதவிக்கு அது கணக்கில் வராது, மேலே எம்.எஸ்சி., ஆராய்ச்சி என்று போகிறவர்களுக்கே பொருத்தம்.

வெளி மாநிலம் போகத் தயாரென்றால் தன்பாத் ஐ.ஐ.டி.யில் பி.டெக். என்விரான்மென்டல் இருக்கிறது. டெல்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் உண்டு, ஆனால் 85 சதவீத இடம் டெல்லிப் பிள்ளைகளுக்கே போய்விடும். தன்பாத் கிடைத்தால் யோசிக்காமல் சேரலாம் என்பேன்.

இங்கேயே, கவுன்சலிங்கில் என்றால் வரிசை இப்படி இருக்கட்டும். நல்ல அரசுக் கல்லூரி, அரசு உதவிக் கல்லூரிகளின் சிவில், கெமிக்கலை மேலே போடுங்கள். என்விரான்மென்டல் உள்ள தனியார் கல்லூரியை, நேரில் போய்ப் பார்த்த பிறகே பட்டியலில் சேருங்கள். துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இதே பாடத்தில் எம்.இ. அல்லது பி.எச்டி. என்று கேளுங்கள். அப்புறம் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பி.ஓ.டி. சோதனைக்கு பாட்டில்களை 27 டிகிரியில் 3 நாள் வைக்க வேண்டும், அதற்கு ஓர் இன்குபேட்டர் இருக்கும். அது ஓடிக்கொண்டிருக்கிறதா, உள்ளே பாட்டில்மேல் எந்தத் தேதி ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். போன செமஸ்டர் தேதி என்றால் அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.