“110 இருக்கு சார், ஃபுல் கேஸ்”: டர்போ கார் ஏசியில் நடக்கும் ஏமாற்று

ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ. டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாக மாட்டுவதற்காகக் கோவையில் ஒரு டியூனிங் கடைக்குப் போனது. போகும்போது ஏசியில் ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்த மூன்றாம் நாளே, மதியம் சிக்னலில் நின்றால் அனல் காற்று. வண்டி ஓட ஆரம்பித்தால் மறுபடி குளிர்ச்சி. கடைக்காரர் சொன்னது இது: “டர்போ சூட்டுக்குக் கம்ப்ரசர் தாங்காது சார். புதுசு 42,000 ஆகும். வேணாம்னா ஏசியைக் கழட்டிடலாம், 15 எச்பி சும்மா கிடைக்கும்.” கடையின் பெயர் வேண்டாம். இதே வசனம் பல கடைகளில் கேட்கும்.

முதலில் அந்த 15 எச்பி. கம்ப்ரசர் இழுப்பது சில எச்பிதான். அதுவும் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூவே சில நொடிகளுக்குக் கம்ப்ரசரின் சுமையைக் குறைத்துவிடும். ஓவர்டேக் செய்யும்போது ஏசி திருடுவதாகச் சொல்லப்படும் சக்தி ஏற்கெனவே உங்கள் கையில்தான் இருக்கிறது.

இனி அந்தக் கடை செய்த வேலை. இந்த வண்டியில் முன்னால் ஏசி கேஸைக் குளிரவைத்துத் திரவமாக்கும் கண்டென்சர், நடுவில் இன்டர்கூலர், பின்னால் ரேடியேட்டர். இன்டர்கூலரை மாற்ற ஏசி பைப்பைத் திறக்கவே தேவையில்லை. கண்டென்சரின் போல்ட்டைக் கழற்றி, பைப் மடங்காமல் கயிற்றில் தாங்கலாகக் கட்டி ஒதுக்கி வைத்தால் போதும். இவர்கள் ஸ்பேனர் போட்டு ஜாயின்ட்டைத் திறந்து கேஸை அப்படியே காற்றில் விட்டார்கள். திறந்த பைப் வாய்க்கு மூடிகூடப் போடாமல் இரண்டு நாள் வண்டி கிடந்தது. ஏசிக்குள் கம்ப்ரசருக்காக இருக்கும் பேக் (PAG) ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்தை உறிஞ்சவே வைத்திருக்கும் டிரையரும் அதே ஈரத்தைக் குடித்துத் தீர்ந்துபோகும். பிறகு பேருக்குக் கொஞ்ச நேரம் வாக்கம் போட்டு (பம்பால் உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது), தராசு இல்லாமல், அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக் கேஸ் ஏற்றினார்கள்.

ஏமாற்று நடக்கும் இடம் அந்தக் கேஜ்தான். இன்ஜின் நின்றிருக்கும்போது கேஜ் கேஸின் அளவைச் சொல்லாது. உள்ளே திரவமாகக் கொஞ்சம் இருந்தாலே போதும். 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் ஒரே அழுத்தம்தான் காட்டும். அதை முடிவுசெய்வது வெப்பநிலை. சுத்தமான ஆர்134ஏ (இந்த ஏசியின் கேஸ்) 28 டிகிரியில் ஏறத்தாழ 91 பிஎஸ்ஐ, 30 டிகிரியில் 97. ராத்திரி முழுக்க 28 டிகிரி ஷெட்டில் நின்ற இந்த வண்டி காலையில் காட்டியது 110. கடைக்காரர் அதைத்தான் “ஃபுல் கேஸ்” என்றார். உண்மையில் அந்தக் கூடுதல் 19 பிஎஸ்ஐ, வாக்கம் சரியாகப் போடாததால் உள்ளேயே தங்கிவிட்ட காற்று. காற்று கண்டென்சரில் திரவமாகாது, இடத்தை மட்டும் அடைக்கும். குளிர்ச்சி குறைந்ததும் இன்னும் கொஞ்சம் கேஸை ஏற்றியிருக்கிறார்கள். வேறு இடத்தில் மெஷினில் இழுத்து எடை போட்டபோது, பானெட் ஸ்டிக்கரில் இருந்த அளவைவிட 180 கிராம் அதிகம்.

அதோடு, புது இன்டர்கூலர் தடிமன் என்பதால் பக்கவாட்டுக் காற்றுத் தடுப்புகளையும் ஃபோம் பட்டைகளையும் வெட்டி எறிந்துவிட்டார்கள். வண்டி நிற்கும்போது ரேடியேட்டருக்குப் பின்னால் போன சூடான காற்று, அந்த இடைவெளி வழியே சுற்றி மறுபடி கண்டென்சருக்கு முன்னால் வரும். ஐடிலில் ஹை சைடு, அதாவது கம்ப்ரசர் கேஸைத் தள்ளும் பக்கத்து அழுத்தம், 340 பிஎஸ்ஐ தாண்டியது. பிரஷர் சென்சார் அதைப் பார்த்துக் கம்ப்ரசரை அடக்கியது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 220-க்கு இறங்கியது. “சிக்னலில் சூடு, ஓட்டத்தில் குளிர்ச்சி” என்ற புகாருக்குக் காரணம் இதுதான். கம்ப்ரசரில் ஒரு கோளாறும் இல்லை.

சரிசெய்த விதம்: கேஸ் முழுக்க மெஷினில் இழுக்கப்பட்டது. கண்டென்சர் பக்கத்திலுள்ள டிரையர் பை புதிது. திறந்த ஜாயின்ட் எல்லாவற்றிலும் புது எச்என்பிஆர் (ஏசிக்கு ஏற்ற ரப்பர்) ஓ-ரிங், பேக் ஆயில் தடவி. நைட்ரஜன் ஏற்றி லீக் பார்த்தல் (பஞ்சர் கடைக் கம்ப்ரசர் காற்றை ஏற்றினால் ஈரம் மறுபடி உள்ளே போகும்). 45 நிமிடம் வாக்கம், பம்பை நிறுத்தி அரை மணி நேரம் முள் ஏறுகிறதா என்று கவனித்தல். கோவை 411 மீட்டர் உயரம் என்பதால் வாக்கம் காட்டும் முள் 28.5 அங்குலப் பாதரச அளவுக்கு மேல் போகாது; 30 வரவில்லையே என்று பயப்பட வேண்டாம். பிறகு ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கில் கேஸ். கடைசியாக, கண்டென்சரின் இரு பக்கத்திலும் மேல்புறத்திலும் 10 மி.மீ. ஃபோம். ஐடிலில் ஹை சைடு 235-இல் நின்றது. மொத்தச் செலவு அந்தக் கம்ப்ரசர் விலையில் கால்வாசிகூட வரவில்லை.

காரை விடுவதற்கு முன்பே எழுதி வாங்க வேண்டியவை: ஏசி லைன் திறக்கப்படுமா, திறந்தால் எத்தனை கிராம் எடுத்தார்கள், எத்தனை போட்டார்கள் என்ற மெஷின் சீட்டு, கழற்றிய ஃபோமும் தடுப்பும் திரும்ப வருமா. லீக் அடைக்கும் திரவம் எதையும் ஊற்றக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்; அது கேஸை விரியவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும், உள்ளே இருப்பது தெரிந்தால் நல்ல கடைக்காரர் தன் மெஷினை மாட்டவே மாட்டார். விலை மலிவான சிலிண்டர் என்றால் இன்னும் கவனம். எல்பிஜி கலந்த கேஸ் குளிரத்தான் செய்யும், ஆனால் பழுக்கக் காய்ந்த டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) பக்கத்தில் ஏசி பைப் ஒரு நாள் கசிந்தால் தீதான். டவுன்பைப் மாற்றிய வண்டி என்றால் பழைய ஹீட் ஷீல்டு திரும்ப மாட்டப்பட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.