வெள்ளக் கதவா, மேடையா? ஓர் அம்பத்தூர் பட்டறையின் கணக்கு

மிக்ஜாம் புயலின்போது எங்கள் அம்பத்தூர் ஷெட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். 2015-லும் வந்ததுதான். அப்போது முழங்காலோடு நின்றதால் கழுவிவிட்டு மறந்துபோனோம். 2023-க்குப் பிறகு மறக்க முடியவில்லை. வாசலில் பலகைகளால் தண்ணீரைத் தடுக்கும் வெள்ளக் கதவு போட்டு, கசிந்து வருவதை இறைக்க உள்ளே மோட்டார் வைப்பதா, மின் பேனலையும் ஜெனரேட்டரையும் மேடை கட்டி ஏற்றிவிடுவதா என்று பங்குதாரரும் நானும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினோம். கடைசியில் மேடைதான் கட்டினோம். நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

கதவு மலிவு, வேலையை நிறுத்தாமல் மாட்டிவிடலாம். மேடை என்றால் கேபிளை மாற்றி இழுக்க வேண்டும், மீட்டரை நகர்த்த மின்வாரியத்துக்கு அலைய வேண்டும். கொட்டேஷன் வாங்கினாலே தெரிந்துவிடும் விஷயம், விடுங்கள்.

எங்களுக்கு முடிவு செய்து கொடுத்தது வேறு கேள்வி. தண்ணீர் வரும் ராத்திரியில் அங்கே யார் இருப்பார்கள்? மிக்ஜாம் மழை வலுத்தது டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. ஷெட்டில் அறுபது தாண்டிய வாட்ச்மேன் மட்டும். கதவு இருந்திருந்தால் அவர்தான் அதன் பலகைகளை ஒவ்வொன்றாக வாசலோரக் காடியில் இறக்கியிருக்க வேண்டும். பலகை இடுக்கை அடைக்கும் ரப்பர் வாரோ வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும், வருஷா வருஷம் மாற்றினால்தான் உண்டு. கரண்டை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். ஆக டீசல் மோட்டார். அதையும் மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்க்காவிட்டால் அன்றைக்கென்று கிளம்பாது. “அண்ணே, மோட்டாரைப் போடுங்க” என்று வீட்டிலிருந்து போனில் சொல்வது சுலபம். அந்த மனுஷனைத் தண்ணீரில் நிறுத்திவைத்துக் காப்பாற்றும் அளவுக்கு எங்கள் பட்டறையில் எதுவும் இல்லை.

சரி, ஆள் இருக்கிறார் என்றே வைப்போம். இறைக்கும் தண்ணீர் எங்கே போகும்? தெருவே குளம், பக்கத்து ஷெட்டுக்குத்தான் போகும். ஹாலோ பிளாக் சுவர் மூன்றடித் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கக் கட்டியதும் இல்லை. வாசலை அடைத்தாலும் கழிவறை வழியாகவும் கேபிள் பள்ளம் வழியாகவும் உள்ளே வந்துவிடும்.

மேடைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. பேனல் ஐந்தடி உயரத்தில், கேபிள் மேலிருந்து இறங்குகிறது, ஜெனரேட்டரும் அதே மட்டத்தில். ஷட்டரைப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஃபுகுஷிமாவில் 2011-இல் அவசர ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் இருந்து மூழ்கியதுதான் பெரிய வினையானது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி.

அப்புறம் எண்ணெய். மெஷின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட், ஹைட்ராலிக் எண்ணெய் பீப்பாய்களையும் மேடையில் ஏற்றிவிட்டோம். அதே மிக்ஜாம் வெள்ளத்தில் மணலிப் பக்கத்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகம்வரை போய் மீனவர்களின் படகிலும் வலையிலும் அப்பியதைப் பார்த்த பிறகு, நம் பீப்பாய் சின்னதுதானே என்று இருக்க மனம் வரவில்லை. ஆபத்தான ரசாயனங்களை அதிக அளவில் வைத்திருக்கும் ஆலைகளுக்கு 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி அவசரகாலத் திட்டமும் ஒத்திகையும் கட்டாயம். எங்களைப் போன்ற பட்டறைகள் அதில் வராது, நாங்களாகச் செய்தால்தான் உண்டு.

இன்ஷூரன்ஸ் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளச் சேதம் பாலிசியில் இருந்தால் மெஷினுக்குப் பணம் வரும். வேறு பட்டறைக்குப் போய்விட்ட ஆர்டர் திரும்பி வராது.

மேடையிலும் குறை உண்டு. கணினிக் கட்டளைப்படி உலோகம் வெட்டும் சிறிய சிஎன்சி மெஷின் இரண்டை மட்டும் இரண்டடி பீடத்தில் ஏற்றினோம். பெரிய லேத் என்ற கடைசல் மெஷின் தரையில்தான் நிற்கிறது, நனையத்தான் செய்யும். தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு நான் யோசனை சொல்ல முடியாது, அந்த அதிர்வுக்குப் பீடம் எப்படி நிற்கும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. மேடை கட்டிய பிறகு இடுப்பளவு வெள்ளமும் வரவில்லை. ஆகவே இது பரீட்சை எழுதாத மாணவன்தான்.

முழங்கால் தண்ணீருக்குக் கதவே போதும் என்று பங்குதாரர் இன்னும் சொல்கிறார், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இப்போதைக்குக் கழிவுநீர்க் குழாயில், தண்ணீர் திரும்பி உள்ளே வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றை ஐப்பசிக்கு முன் போட்டுவிடுவது என்று சமாதானமாகியிருக்கிறோம்.