அவசரப்படுத்தி ஐந்து வருட ஃபிக்ஸில் பூட்டிய புரோக்கர்: ரீமோட்கேஜ் செய்யப் போகிறவர்களுக்கு

லண்டனில் இருக்கும் நம் ஆட்களில் யாருக்காவது இந்த வருடம் மோட்கேஜ் ஃபிக்ஸ் (வீட்டுக் கடனின் வட்டி மாறாமல் நிற்கும் காலம்) முடிந்து, ரீமோட்கேஜ் செய்ய, அதாவது கடனைப் புது வட்டிக்கு மாற்ற வேண்டும் என்றால், வங்கியிடம் கடன் ஏற்பாடு செய்து தரும் புரோக்கரிடம் கையெழுத்து வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கையெழுத்து வைத்துவிட்டு, இந்த வட்டிக்குக் கடன் தருகிறோம் என்ற வங்கியின் ஆஃபர் கடிதத்தோடு காத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

2022 செப்டம்பர் 23 பலருக்கு நினைவிருக்கும். லிஸ் டிரஸ் பிரதமர், குவாசி குவார்டெங் நிதியமைச்சர். பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லாமல் வரிக்குறைப்பை அறிவித்தார்கள். அரசுக் கடன்பத்திரங்களின் வட்டி எகிறியது, வங்கிகள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மோட்கேஜ் திட்டங்களை விலக்கிக்கொண்டன. அக்டோபரில் இரண்டு வருட ஃபிக்ஸ், ஐந்து வருட ஃபிக்ஸ் இரண்டுக்குமே சராசரி வட்டி 6 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. எங்கள் பழைய ஃபிக்ஸ் 2023 ஜனவரி கடைசியில் முடிய இருந்தது. கடன் 2,40,000 பவுண்ட், 25 வருடம்.

புரோக்கர் கோயிலிலும் கல்யாண வீடுகளிலும் எல்லோரும் பார்க்கும் முகம். அக்டோபர் நடுவில் போன் செய்தார். "தம்பி, இண்டைக்கு 6.39 இருக்கு. நாளைக்கு 7 எண்டு வந்தால் பிறகு என்னைக் கேக்காதேங்கோ."

"அண்ணை, ட்ராக்கர் ஒண்டும் பாக்கேலாதோ? ரெண்டு மூண்டு வருசத்தில வீட்டை வித்துப்போட்டு லெஸ்டர் பக்கம் போனாலும் போவம்."

"இந்த நேரத்தில ட்ராக்கர் சூதாட்டம். குடும்பக்காரர் எடுக்கிற சாமானே அது? ஐஞ்சு வருசம் பூட்டிப்போட்டு நிம்மதியா இருங்கோ."

பயந்துபோய் 6.39-க்கு ஐந்து வருட ஃபிக்ஸ் எடுத்தோம். அன்றைக்கு இங்கிலாந்து வங்கியின், அதாவது நாட்டின் மத்திய வங்கியின், அடிப்படை வட்டி 2.25 சதவீதம். ட்ராக்கர் என்பது அந்த அடிப்படை வட்டிக்கு மேல் ஒரு குறித்த அளவு. அது ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். பல ட்ராக்கர்களில் இடையில் விட்டுப் போனால் பெனல்டி கிடையாது. இது எதையும் அவர் வாயால் சொல்லவில்லை. அடிப்படை வட்டிக்கு மேல் 0.4 என்று ஒரு ட்ராக்கர் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அடிப்படை வட்டி 2023 ஆகஸ்டில் 5.25 என்று உச்சத்துக்குப் போய், 2024 ஆகஸ்ட் வரை அங்கேயே நின்றது. அப்போதுகூட ட்ராக்கர் 5.65. எங்கள் 6.39-ஐ அது ஒரு மாதம்கூடத் தொட்டிருக்காது. வட்டி இப்படித்தான் போகும் என்று 2022-இல் யாருக்கும் தெரியாது, அதை நான் அவர் தலையில் போடவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பயம் காட்டியதைத்தான் சொல்கிறேன்.

அதைவிடப் பெரிய அநியாயம் ஜனவரியில் நடந்தது. பிரதமர் மாறி, வரிக்குறைப்புத் திட்டமும் பெரும்பாலும் வாபஸ் ஆகி, ஃபிக்ஸ் வட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. எங்களுக்கு ஆஃபர் தந்த அதே வங்கியின் இணையதளத்தில் ஐந்து வருட ஃபிக்ஸ் 4.79 என்று கிடந்தது. எங்கள் கடன் இன்னும் கைமாறவில்லை (பழையது முடிந்து புதியது தொடங்கவில்லை), இரண்டு வாரம் இருந்தது. உடனே புரோக்கரைக் கூப்பிட்டேன். "ஆஃபர் வந்தால் வந்ததுதான் தம்பி, இனி ஒண்டும் மாத்தேலாது. மாத்த வெளிக்கிட்டால் முழுக்க ரத்தாகிப் போகும்" என்றார். மனைவி பக்கத்தில் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அது பொய். இந்த நாட்டில் பல வங்கிகள் ஆஃபர் கொடுத்த பிறகும், கடன் கைமாறும் நாள் வரை, குறைந்த வட்டிக்கு மாற விடுகின்றன. அதைக் கவனித்துச் சொல்வதற்கும் சேர்த்துத்தான் புரோக்கருக்குக் கூலி. எங்களிடம் ஃபீஸ் 595 பவுண்ட் வாங்கினார், வங்கியிடமிருந்தும் அவருக்கு கமிஷன் போயிருக்கிறது. 6.39-இல் மாதம் 1,604 பவுண்ட் கட்டுகிறோம். 4.79 என்றால் 1,374 போதும். மாதம் 230 பவுண்ட், ஐந்து வருடத்தில் 13,800. மூன்று படுக்கையறை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது சின்னக் காசு இல்லை.

இது வெளியே வந்தது 2025 கோடையில். லெஸ்டரில் மனைவிக்கு வேலை சரிவந்தது. வீட்டை விற்றுவிட்டு, அங்கே முதலில் வாடகைக்குப் போவோம் என்று வங்கியைக் கேட்டால், ஃபிக்ஸை இடையில் முடித்தால் மீதிக் கடனில் முதல் வருடம் 5 சதவீதம், அடுத்து 4, இப்போது 3 என்று பெனல்டிக் கணக்கு வாசித்தார்கள். கிட்டத்தட்ட 6,900 பவுண்ட். போனில் பேசிய பெண்தான், "கைமாறுவதற்கு முன் கேட்டிருந்தால் புதிய ரேட்டுக்கு மாற்றித் தந்திருப்போமே" என்று சொன்னார்.

பிறகு புரோக்கரின் பரிந்துரைக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். ஏன் இந்த மோட்கேஜ் உங்களுக்குப் பொருந்தும் என்று எழுதித் தரும் கடிதம் அது. இரண்டாம் பக்கத்தில், "வாடிக்கையாளர் அடுத்த ஐந்து வருடத்தில் வீடு மாறும் எண்ணம் இல்லை என்று தெரிவித்தார்" என்று இருக்கிறது. நான் வாய்விட்டு லெஸ்டர் என்று ஊர்ப் பெயரே சொல்லியிருந்தேன்! அந்தக் கடிதம் கடன் கைமாறிய பிறகுதான் மின்னஞ்சலில் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

முறைப்படி புகார் கொடுத்தேன். எட்டு வாரத்துக்குள் அவர்கள் இறுதிப் பதில் தர வேண்டும். வந்த பதில்: தவறு எதுவும் இல்லை, நல்லெண்ணமாக 150 பவுண்ட். வாங்கவில்லை. இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் நிதி ஒம்புட்ஸ்மனிடம் (நிதி நிறுவனங்கள் மீதான புகாரை விசாரிக்கும் நடுநிலை அமைப்பு) போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அங்கே கொடுத்திருக்கிறேன், விசாரணை நடக்கிறது. 2022 அக்டோபர் போன் பதிவையும் கேட்டிருக்கிறேன். உங்களிடமும் பழைய பரிந்துரைக் கடிதம் இருந்தால் எடுத்து வாசியுங்கள், நீங்கள் சொல்லாதது ஏதாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ட்ராக்கர் பக்கமும் ஏமாற்று உண்டு. என் மச்சானுக்கு "ட்ராக்கர்" என்று சொல்லிக் கொடுத்தது உண்மையில் டிஸ்கவுண்ட் மோட்கேஜ். அது இங்கிலாந்து வங்கியின் வட்டியைப் பின்பற்றாது. கடன் தந்த நிறுவனம் தானே வைக்கும் வட்டியில் ஒரு கழிவு, அவ்வளவுதான். அந்த வட்டியை அவர்கள் நினைத்தபோது கூட்டலாம். அடிப்படை வட்டி இறங்கியபோது அவருடையது அதே அளவு இறங்கவில்லை. அசல் ட்ராக்கரிலும், இதற்குக் கீழே வட்டி இறங்காது என்று ஒரு வரி இருக்கக்கூடும். அடிப்படை வட்டி 2025 டிசம்பரில் 3.75-க்கு வந்திருக்கும் நிலையில் அந்த வரியைக் கட்டாயம் பாருங்கள்.

வட்டி கூடினால் மாதக் கட்டணம் தாங்காது என்கிற குடும்பம் ஃபிக்ஸ் எடுப்பதுதான் சரி; அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் வீடு மாறவோ பெரிய தொகை ஒன்றைக் கட்டி முடிக்கவோ இடம் இருந்தால், ஐந்து வருடப் பெனல்டிக்குள் போவதற்கு முன் இரண்டு வருட ஃபிக்ஸையும் பெனல்டி இல்லாத ட்ராக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தில் தரச் சொல்லுங்கள். போனில் சொன்னதை அன்றைக்கே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

ஆஃபர் கையில் இருக்கிறவர்கள் இன்றைக்கே புரோக்கருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: "கடன் கைமாறுவதற்கு முன், இதே வங்கியில் இதைவிடக் குறைந்த வட்டி வந்திருக்கிறதா என்று பார்த்து எழுத்தில் சொல்லவும். மாற முடியாது என்றால் காரணத்தையும் எழுத்தில் தரவும்." இரண்டு நாளில் பதில் வராவிட்டால் வங்கியையே நேராகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.