கால் பிசகினால் எந்த பெல்ட்? பெங்களூரு மெடிக்கல் கடை அலமாரியை அலசினோம்

அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் பீலேக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். கால்பந்து அந்தத் தெருக்களில் அவ்வளவு ஊறிப்போனது. ஆஸ்டின் டவுன் மைதானத்திலும் அப்படித்தான். இந்திராநகர் பக்கம் பேட்மின்டன், கப்பன் பார்க்கில் விடிகாலை ஓட்டம், மணிக்கணக்குக்கு வாடகைக்கு விடும் செயற்கைப் புல் தரையில் வார இறுதி ஆட்டம். இவ்வளவு ஓடும் ஊரில் கால் பிசகாமல் இருக்குமா? அதனால்தான் எந்த மெடிக்கலுக்குள் நுழைந்தாலும் கல்லாவுக்குப் பின்னால் பெல்ட்டுகளும் முழங்காலுக்கு மாட்டும் 'நீ கேப்'புகளும் வரிசையாகத் தொங்குகின்றன.

கடையில் கேட்கும் கேள்வி இரண்டுதான்: எங்கே வலி, என்ன சைஸ். எப்படி அடிபட்டது என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் பொருள் உதவும் என்பதை அந்த மூன்றாவது கேள்விதான் முடிவு செய்கிறது. அதை வைத்தே இங்கே ஒவ்வொன்றையும் எடைபோட்டிருக்கிறோம்.

முதல் இடம் கிரேப் பேண்டேஜுக்கு. அலமாரியிலேயே மலிவான சரக்கு இதுதான், நிறையப் பேர் தப்பாகக் கட்டுவதும் இதைத்தான். கணுக்காலுக்கு 8 அல்லது 10 செ.மீ. அகலம் சரி. நீட்டினால் 4 மீட்டர் வரும். பாதம் 'ட' போல செங்கோணத்தில் இருக்க வேண்டும். விரல்கள் தொடங்கும் இடத்தில் இரண்டு சுற்று, பிறகு பாதத்தின் மேல் குறுக்காக ஏறிக் கணுக்காலைச் சுற்றி, மறுபடி அடிப்பாதத்துக்கு இறங்கி, எட்டு வடிவில் போக வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடட்டும். பாதம் உள்பக்கமாக மடங்கிய காயம் என்றால், துணி பாதத்தின் அடியில் உள்ளோரத்திலிருந்து வெளியோரத்துக்குப் போய் மேலே ஏற வேண்டும். அப்போதுதான் அது வெளியோரத்தைத் தூக்கிப் பிடிக்கும். திசை மாறினால், கிழிந்த ஜவ்வை இன்னும் இழுத்த மாதிரி ஆகும்.

இரண்டு இடத்தில் சொதப்பும். குதிகாலை மூடாமல் விட்டால் வீக்கம் அந்த ஜன்னல் வழியே பிதுங்கும். மேலே இறுக்கி, கீழே தளர விட்டால் விரல்கள் உப்பும். கட்டி முடித்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்காவிட்டால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். கூட வரும் உலோகக் கொக்கி ஷூவுக்குள் கழன்றுவிடும், அதற்குப் பதில் ஒட்டு டேப் போதும். தூங்கும்போது அவிழ்த்துவிடுங்கள். நான்கைந்து நாளில் துணி தொங்கிப்போனால் தூக்கி எறிய வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் அலசி, முறுக்காமல் நிழலில் விரித்துக் காயவைத்தால் நல்ல பருத்திக் கிரேப்பில் பிடிப்பு திரும்பி வரும்.

பேண்டேஜுக்குக் காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்தாக வேண்டும். எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்க கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் வகுத்த விதி இன்றும் உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் புழங்குகிறது. அடிபட்டவுடனும் சரி, பிறகு பரிசோதிக்கும்போதும் சரி, நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? கணுவின் இருபுறமும் துருத்தும் எலும்புகளின் நுனியிலோ, அவற்றின் பின்விளிம்பில் 6 செ.மீ. உயரத்துக்குள்ளோ அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறதா? பாதத்தின் வெளியோரத்தில் பாதி வழியில் முட்டி நிற்கும் எலும்பிலோ, உள்வளைவின் மேட்டிலோ வலியா? இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அல்சூர் பக்கம் இருப்பவர்களுக்கு சிவாஜிநகர் பௌரிங் அரசு மருத்துவமனை பக்கம். ஜெயநகர் பக்கத்தவர்களுக்கு சஞ்சய் காந்தி எலும்பு சிகிச்சை மருத்துவமனை இருக்கிறது.

அடுத்தது, கணுக்காலில் குழாய் போல மாட்டிக்கொள்ளும் ஆங்கிள் பைண்டர். அதிகம் விற்பது இதுதான். வீக்கம் வடியும் நாட்களில் லேசான அழுத்தம் தரும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். கடையிலேயே மாட்டிப் பாருங்கள். உட்கார்ந்து, உள்ளங்கால் உள்பக்கம் பார்க்கும்படி பாதத்தைக் கையால் மெல்லத் திருப்புங்கள் (அடிபடாத காலில்). முழுசாகத் திரும்பினால், குதித்து இறங்கும்போதும் அப்படியேதான் திரும்பும். குழாய் வகை எல்லாமே இந்தச் சோதனையில் தோற்கும். விளையாட என்று கேட்பவருக்கு இதை விற்பது சரியில்லை.

அந்தச் சோதனையில் தேறுவது லேஸ் வைத்த பிரேஸ். முன்னால் ஷூ போல லேஸ், குதிகாலுக்கு அடியில் குறுக்கே போகும் இரண்டு பட்டை, மேலே வெல்க்ரோ வளையம். ஒருமுறை கணு பிசகியவருக்கு மறுமுறை பிசகுவதை இது குறைக்கிறது என்பது விளையாட்டு மருத்துவத்தில் நன்றாக நிலைபெற்ற விஷயம். காசுக்குத் தகும் பொருள் என்று தயங்காமல் சொல்வோம். மெல்லிய நீளமான சாக்ஸ் மேல் மாட்டி, குதிகாலைப் பின்னால் தள்ளி உட்காரவைத்து, லேஸைக் கீழிருந்து மேலாக இறுக்குங்கள். பட்டைகளைக் கடைசியில் இழுங்கள், வெளிப்புறப் பட்டை மேல்நோக்கி இழுபட வேண்டும். பாதி ஆட்டத்தில் லேஸ் தளரும், இடைவேளையில் மறுபடி கட்டுங்கள்.

குறைகளும் உண்டு. இறுக்கமான கால்பந்து பூட்ஸுக்குள் நுழையாது, உள்ளே இருக்கும் இன்சோலைக் கழற்ற வேண்டியிருக்கும். செயற்கைப் புல் தரையில் கிடக்கும் கருப்பு ரப்பர் துகள் வெல்க்ரோவில் ஏறிப் பிடிப்பைக் கெடுக்கும். பழைய டூத்பிரஷ்ஷால் வாரத்துக்கு ஒருமுறை வாரிவிடுங்கள். வீங்கிய காலோடு போய் சைஸ் எடுத்தால் வீக்கம் வடிந்ததும் லொடலொடக்கும். மற்றக் காலை அளந்து வாங்குங்கள், அல்லது ஒரு வாரம் பொறுங்கள்.

ஆட்டத்தின்போது மட்டும், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை போடலாம். வீட்டிலும் ஆபீஸிலும் நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு திரிய வேண்டாம். கூடவே ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியும் வேண்டும். ஜவ்வு கிழியும்போது, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் சேர்ந்து கெடுகின்றன. அதனால்தான் ஒரே கால் திரும்பத் திரும்பப் பிசகுகிறது. பல் தேய்க்கும்போது 30 நொடி ஒற்றைக்காலில் நில்லுங்கள். அது சுலபமானதும் சுவரருகே கண்ணை மூடி, பிறகு மடித்த போர்வை மேல். பிரேஸ் செய்யாத வேலையை இது செய்யும்.

அடிபட்ட அன்றே சுளுக்கு எடுக்கிறேன் என்று எண்ணெய் தடவி உருவுவதைத் தயவுசெய்து விடுங்கள். ஊரெங்கும் புத்தூர் கட்டு போர்டு தெரியும், நம்பிக்கையோடு போகிறவர்கள் ஏராளம். ஆனால் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் முதல் இரண்டு மூன்று நாளில் உருவுவதும் வெந்நீர் ஒத்தடமும் வீக்கத்தைத்தான் கூட்டும். ஐஸை ஈரத்துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்தால் வலி அடங்கும். ஓய்வு, ஐஸ், கட்டு, கால் உயர்த்தல் என்ற நான்கையும் 1978-இல் சூத்திரமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, முழு ஓய்வும் நீண்டநேர ஐஸும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு மாற்றிச் சொன்னார். வலி பொறுக்கும் அளவுக்கு இரண்டு மூன்று நாளில் காலை ஊன்றத் தொடங்குவதே இன்றைய வழக்கம். வலி ஸ்ப்ரே அடித்த தோலின் மேல் இறுக்கிக் கட்டாதீர்கள், எரிந்து கொப்பளிக்கும்.

முழங்காலுக்கு வருவோம். நீ கேப் சூடு தரும், தைரியம் தரும். படி இறங்கும்போதும் வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும் முன்பக்கம் வலிக்கிறவருக்கு, முழங்கால் சில்லுக்கு ஓட்டை விட்ட வகை கொஞ்சம் ஆறுதல். அந்த வலிக்கு நிஜமான மருந்து தொடையையும் இடுப்பையும் வலுவாக்குவது. ஆனால் ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பியபோது 'டப்' என்று சத்தம், சில மணி நேரத்தில் பலூன் போல் வீக்கம், பிறகு நடக்கையில் முட்டி நழுவுகிற உணர்வு என்றால் உள்ளே குறுக்கு ஜவ்வு போயிருக்க வாய்ப்பு அதிகம். நீ கேப் மாட்டிக்கொண்டு அடுத்த ஞாயிறு ஆடினால், எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல மிஞ்சியிருக்கும் குஷன் ஜவ்வும் நசுங்கும். வீக்கம் மறுநாள் மெதுவாக வந்து, முட்டி பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட வரவில்லையென்றால் சந்தேகம் அந்தக் குஷன் ஜவ்வின் மேல். இரண்டுக்கும் டாக்டர்தான்.

பக்கவாட்டில் கம்பி வைத்த கீல் பிரேஸ் உள்பக்க ஜவ்வு காயத்துக்கு நல்ல துணை. கீல் சில்லின் நடுமட்டத்தில் நிற்க வேண்டும். தொடை மேலே பருத்துக் கீழே சிறுத்திருப்பதால் இது வழுக்கி இறங்கிக்கொண்டே இருக்கும், எல்லாரும் சொல்லும் குறை இதுதான். அளவெடுக்கும்போது சில்லின் நடுவை மட்டும் அளந்து அனுப்பினால் ஏற்காதீர்கள், தொடையையும் அளக்கச் சொல்லுங்கள்.

டென்னிஸ் எல்போ பட்டை சின்ன சமாச்சாரம், போடும் இடம் மட்டும் முக்கியம். முழங்கையின் வெளிப்புற எலும்பு மேல் போடக் கூடாது. அங்கிருந்து இரண்டு விரல் கீழே, சதை மேல் கட்ட வேண்டும். பேட்மின்டன் ராக்கெட்டைப் பிடித்துப் பாருங்கள், வலி குறைந்தால் இடம் சரி. விரல் மரத்துப்போனால் தளர்த்துங்கள்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் எட்டில் குதிகாலில் முள் குத்தினால், சிலிக்கான் ஹீல் கப் உதவும். ஒரு காலில்தான் வலி என்றாலும் இரண்டு ஷூவிலும் போடுங்கள், இல்லையேல் இடுப்பு சாயும். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதை நிறுத்தாமல் கப் மட்டும் வாங்கிப் பயனில்லை. கலர் கலராக ஒட்டும் கைனீசியாலஜி டேப் மூட்டு எதையும் பிடித்து நிறுத்தாது. வலி சற்றுக் குறையலாம், அவ்வளவே.

அலமாரியில் மருந்தே இல்லாத காயம் ஒன்று இருக்கிறது. முப்பது தாண்டியவர்கள் வாரம் ஒருநாள் பேட்மின்டன் ஆடும்போது வருவது. பின்னால் எட்டு வைத்துத் தாவும் நொடியில் யாரோ ஆடுசதைக்குக் கீழே உதைத்தது போலிருக்கும். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அவரைக் குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, ஆடுசதையை மெல்லப் பிழியுங்கள். நல்ல காலில் பாதம் அசையும். இதில் அசையாவிட்டால் ஆடுசதையைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் நாண் அறுந்திருக்கிறது. நடக்க முடிகிறதே என்று விட்டுவிடக் கூடாது, நுனிகள் நாளுக்கு நாள் விலகும். விரல்கள் தரையை நோக்கி இருக்கும்படி பாதத்தைத் தொங்கலாக வைத்து, மடித்த அட்டையை அண்டக்கொடுத்துத் தளர்வாகக் கட்டி, காலை ஊன்றவிடாமல் அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.