கேடிஎம் 450 எஸ்எக்ஸ்-எஃப்: வேகத்தில் ஹேண்டில் உதறினால் எதைத் தொடணும், எதைத் தொடக் கூடாது

அறிமுகமானபோது பத்தேகால் லட்சம் ரூபாய் பைக். ஹெட்லைட் கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டில் ஓட்ட அனுமதியும் கிடையாது. 2024 நவம்பரில் கேடிஎம் இந்தியாவில் தன் மோட்டோகிராஸ் (மண் டிராக் ரேஸ்) வரிசையை இறக்கியபோது 450 எஸ்எக்ஸ்-எஃப்புக்கு வைத்த ஷோரூம் விலை 10.25 லட்சம். எஞ்சினைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. 63 குதிரைத்திறன், நூறு கிலோவைக் கொஞ்சம் தாண்டிய எடை. பெரும்பாலானவர்களின் மணிக்கட்டுக்கு அதுவே அதிகம். அந்தத் திறனை நேர்கோட்டில் தரையில் இறக்கும் சமாச்சாரம்தான் விஷயம்: முன் ஃபோர்க், பின் ஷாக் (அதாவது முன், பின் சஸ்பென்ஷன்), ஸ்டீயரிங்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சரியாக செட் செய்தால், பள்ளம் விழுந்த நேர்ப்பாதையில் முழு திராட்டிலிலும் இந்த பைக் தண்டவாளத்தில் போவதுபோலப் போகும். ஆனால் மன்னிக்கும் குணம் இல்லாத வண்டி. நாலைந்து மில்லிமீட்டர் அங்கே இங்கே போனால் பிரேக் பிடிக்கும் இடத்தில் ஹேண்டில் இடமும் வலமும் உதறும். அப்படி உதறும்போது நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வது சஸ்பென்ஷன் அமுங்கும் வேகத்தை அடக்கும் கம்ப்ரஷன் கிளிக்கை இறுக்குவது, இல்லையென்றால் ஹேண்டில் திடீரெனத் திரும்புவதைத் தடுக்கும் ஸ்டீயரிங் டாம்பருக்குக் காசு கட்டுவது. இரண்டுமே கடைசியில் வரவேண்டியவை.

முதலில் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பேரிங். பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஃபோர்க் கால்கள் இரண்டையும் ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். 'டக்' என்று ஒரு சின்ன ஆட்டம் கைக்குத் தெரிந்தால் வேறெதையும் தொடாமல் அதைச் சரிசெய்யுங்கள். அடுத்து ஹேண்டிலை நடுவிலிருந்து விரலால் லேசாகத் தட்டுங்கள். இருபுறமும் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சரியாக நடுவில் ஒரு பள்ளத்தில் உட்காருவதுபோல நின்றால் பேரிங் ஓடுபாதையில் தழும்பு விழுந்துவிட்டது என்று அர்த்தம்; இறுக்கினால் போகாது, மாற்ற வேண்டும். வேகமாகக் கழுவும் பிரஷர் வாஷரைக் கழுத்துப் பகுதியில் பாய்ச்சுகிறவர்களுக்கு இது சீக்கிரமே வரும்.

கோன் நட்டைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கி உதறலை மறைப்பது பழைய தந்திரம். ஒரு ரேஸ் வரை தாங்கும். ஆனால் ஹேண்டில் தானாக நடுவுக்குத் திரும்புவது மந்தமாகி, மெதுவான வளைவில் பைக் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும்.

ஃபோர்க்கைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டுகளுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) கட்டாயம். கேடிஎம் இந்த வரிசைக்குச் சொல்வது மேல் கிளாம்புக்கு 17, கீழ் கிளாம்புக்கு 12 நியூட்டன் மீட்டர். உங்கள் வருட மாடலின் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கீழ் கிளாம்புக்கு ஏன் குறைவு? இரண்டு கிளாம்பும் கவ்வுவது ஃபோர்க்கின் வெளிக்குழாயைத்தான், ஆனால் கீழ் கிளாம்ப் கவ்வும் இடத்துக்குள்ளேதான் உள்குழாயின் புஷ் (வழுக்கும் வளையம்) ஓடுகிறது. ஓவராக இறுக்கினால் குழாய் நசுங்கி, உள்ளே புஷ் உரசி, ஃபோர்க் பாதி வழியில் தயங்கும். "ஃபோர்க் கல்லு மாதிரி இருக்கு" என்று வரும் புகார்களில் ஒரு பங்கு இந்த இரண்டு போல்ட்டுகளில்தான் இருக்கிறது.

முன் ஆக்ஸிலும் அப்படியே. ஆக்ஸிலை முறுக்கிவிட்டு, ஆக்ஸிலைக் கவ்வும் வலது காலின் பிஞ்ச் போல்ட்டுகளை இறுக்கும் முன் பைக்கைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்து நாலைந்து முறை ஃபோர்க்கை அழுத்துங்கள். அந்தக் கால் தன் இடத்தைத் தானே தேடி உட்காரும். அதன்பிறகுதான் பிஞ்ச் போல்ட். இந்த ஒரு நிமிட வேலையைத் தாண்டிப் போனால் இரண்டு கால்களும் இணையாக இல்லாமல் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும்.

இனி பின்பக்கம் எவ்வளவு உட்காருகிறது என்கிற கணக்கு, அதாவது சேக். முழு கியரோடு ஓட்டுநர் உட்கார்ந்தால் 105 மி.மீ., ஆள் இல்லாமல் பைக்கின் சொந்த எடையில் 35 மி.மீ. பின்சக்கரம் காற்றில் இருக்கும்போது ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே ஃபெண்டரில் போட்ட ஒரு குறிவரை அளந்து எழுதுங்கள். தரையில் இறக்கி அளங்கள். ஆள் ஏறி, இரண்டு காலும் ஃபுட்பெக்கில் வைத்து, ஒருமுறை குலுக்கி உட்கார்ந்ததும் மறுபடி அளங்கள். முதல் எண்ணிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் இரண்டு சேக்கும் கிடைத்துவிடும். மூன்று பேர் வேண்டும்: ஒருவர் ஓட்ட, ஒருவர் பிடிக்க, ஒருவர் அளக்க. தனியாகச் செய்தால் டேப்பும் பொய் சொல்லும்.

பின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் பிரீலோடு ரிங்கைத் திருகி 105-ஐக் கொண்டுவந்தபிறகு ஆளில்லாத எண்ணைப் பாருங்கள். அது 25-க்குக் கீழே போயிருந்தால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மென்மை. 105 வர வேண்டும் என்பதற்காக அதை அளவுக்கு மீறி அமுக்கி வைத்திருக்கிறீர்கள். 45-ஐத் தாண்டினால் ஸ்பிரிங் கடினம். கம்பெனியிலிருந்து வரும் ஸ்பிரிங் 75 முதல் 85 கிலோ ஆளை மனதில் வைத்தது. நம்மூரில் 62 கிலோ ஆள் இதை ஓட்டினால் எத்தனை கிளிக் திருகியும் பயனில்லை, ஸ்பிரிங்தான் மாற வேண்டும்.

இப்போது கணக்கு கொஞ்சம். இந்த பைக்கின் ஸ்டீயரிங் கழுத்துக் கோணம் 63.9 டிகிரி, அதாவது செங்குத்திலிருந்து 26.1 டிகிரி சாய்வு. வீல்பேஸ் சுமார் 1,490 மி.மீ. ஸ்டீயரிங் கோட்டை நீட்டினால் தரையைத் தொடும் புள்ளிக்குப் பின்னால்தான் டயர் தரையைத் தொடுகிறது. அந்த இடைவெளிதான் டிரெயில். ஆபீஸ் நாற்காலிச் சக்கரம் இழுத்த திசைக்குத் தானாகத் திரும்பிக்கொள்வது இதனால்தான். டிரெயில் கூடினால் நேர்கோட்டுப் பிடிவாதம் கூடும், வளைவில் சோம்பல் வரும்.

ஃபோர்க் குழாயை மேல் கிளாம்பில் 5 மி.மீ. கீழே இறக்கினால் முன்பக்கம் ஏறக்குறைய அவ்வளவே உயரும், சாய்வு 0.2 டிகிரி அளவுக்குக் கூடும், டிரெயில் ஒன்றேகால் மி.மீ. போலக் கூடும். பின் சேக்கை 105-லிருந்து 110 ஆக்கினாலும் கிட்டத்தட்ட அதே பலன். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் இரட்டிப்பு. எண்ணைப் பார்த்தால் ஒன்றுமில்லைபோலத் தெரியும். ஓட்டிப் பார்த்தால் வேறு பைக். அதனால் குழாயில் இருக்கும் கோடுகளைப் பார்த்து ஒரு நேரத்தில் ஒரு கோடு மட்டும் நகர்த்துங்கள், இரண்டு காலும் ஒரே அளவில் இருக்கிறதா என்று காலிப்பரில் பாருங்கள். குழாய் விளிம்பு கிளாம்பின் மேல்மட்டத்துக்குக் கீழே போகவே கூடாது.

பின் ஸ்பிராக்கெட்டும் இதில் கூட்டாளி. ஒரு பல் குறைத்தால், செயின் நீளம் மாறாதவரை, பின் ஆக்ஸில் 4 மி.மீ. பின்னால் போகும். வேகமான டிராக்குக்குக் கியர் நீளமும் கிடைக்கும், வீல்பேஸும் கிடைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். செயின் தளர்வு மட்டும் 55–58 மி.மீ. இருக்கட்டும். செயின் இறுக்கமாக இருந்தால் பின் ஷாக் கடைசி வரை போகாமல் செயினே தடுக்கும், கவுன்ட்டர் ஷாஃப்ட் பேரிங்கும் போகும்.

ஃபோர்க்கைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்த பைக்கின் பெருமையும் தலைவலியும் அதுதான். 48 மி.மீ. குழாய், டபிள்யூபி நிறுவனத்தின் எக்ஸாக்ட். இடது காலில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று, வலது காலில் டாம்பிங் (துள்ளலை அடக்கும் எண்ணெய்த் தடை). ஸ்பிரிங் வாங்காமல் பம்பை வைத்தே எடைக்கு ஏற்ப மாற்றலாம், எடையும் குறைவு. ஆனால் காற்று சூட்டுக்கு விரியும். 10.7 பாரில் (பார் என்பது காற்றழுத்த அளவு) அடைத்த ஃபோர்க் 10 டிகிரி சூடேறினால் அழுத்தம் 0.4 பார் ஏறிவிடும். இந்த ஃபோர்க்கில் 0.2 பார் மாற்றமே கைக்குத் தெரியும். காலை ஏழு மணிக்கு நிழலில் அடைத்துவிட்டு மதியம் வெயிலில் நின்ற பைக்கை அப்படியே எடுத்தால், நீங்கள் செட் செய்த ஃபோர்க்கில் நீங்கள் போகவில்லை. கடினமான ஃபோர்க் சின்னப் பள்ளங்களில் அமுங்காமல் மேலேயே துள்ளும். டயர் தரையை விடும். திரும்ப இறங்கும்போது கொஞ்சம் கோணலாக இறங்கும். உதறல் அங்கே பிறக்கிறது.

அதனால் அழுத்தத்தை ஓட்டப்போகும் நேரத்தில், ஓட்டப்போகும் இடத்து வெப்பத்தில், முன்சக்கரம் காற்றில் இருக்கும்போது, ஓட்டி முடித்த சூட்டில் அல்லாமல் ஆறிய நிலையில் பாருங்கள். பம்பை மாட்டியதும் எண் கொஞ்சம் குறைவாகக் காட்டும். அது ஃபோர்க்கில் கசிவு இல்லை, பம்ப் குழாயை நிரப்பப் போன காற்று. கழற்றும்போது வரும் 'புஸ்' சத்தமும் குழாயில் இருந்ததுதான். எடைக்கான எண் கையேட்டில் உண்டு. 80 கிலோ சுற்றளவில் 10.5 முதல் 11 பாருக்குள் முடிந்துவிடும். வெளிக்குழாயில் சேரும் காற்றை பிளீடு ஸ்க்ரூவைத் திறந்து வெளியேற்றுவதையும் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கடைசிப் பகுதியில் கூடுதல் கடினம் தெரியும். 2023-லிருந்து கடைசி 40 மி.மீ.க்கு ஹைட்ராலிக் தடை ஒன்று வைத்திருக்கிறார்கள். நல்ல மாற்றம், அடியில் மோதாமல் இருக்கக் காற்றை ஏற்ற வேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது. பழைய பழக்கத்தில் இன்னும் ஏற்றுகிறவர்கள்தான் அதிகம்.

கிளிக்குகளுக்கு வருவோம். ஷாக்கில் 'ஹை ஸ்பீடு', 'லோ ஸ்பீடு' என்று இரண்டு கம்ப்ரஷன் திருகிகள். பைக் வேகமாகப் போனால் ஹை ஸ்பீடு என்று நினைத்து அதைத் திருகுவது சகஜமான தப்பு. அது ஷாக் தண்டு எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது என்பதைச் சொல்கிறது. நூறில் போகும்போது மெதுவான மேடு ஏறினால் லோ ஸ்பீடு. இருபதில் போய்க் கூர்மையான கல்லில் ஏறினால் ஹை ஸ்பீடு.

உதறல் எங்கே வருகிறது என்று கவனியுங்கள். திராட்டில் மூடி பிரேக் பிடித்ததும் வந்தால் முன்பக்கம் தாழ்ந்து கோணம் செங்குத்தாகிறது. ஃபோர்க்கின் ரீபவுண்ட் (அமுங்கியபின் திரும்ப எழும் வேகம்) மந்தமாக இருந்து, ஒரு பள்ளத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஃபோர்க் எழுந்திருக்க நேரமில்லாமல் படிப்படியாகக் கீழே இறங்கியிருக்கலாம். இரண்டு கிளிக் திறந்து பாருங்கள். அதே இடத்தில் பின்பக்கம் கழுதை உதைப்பதுபோல மேலே வந்தால் பின் ரீபவுண்டை இரண்டு கிளிக் மூடுங்கள். முழு திராட்டிலில் பைக் உதறாமல் மெதுவாக அலைந்தால் அது வேறு நோய்: சேக் அதிகமாகி முன்பக்கம் லேசாகிவிட்டது, அல்லது முன் டயரில் காற்று குறைவு. டயருக்கு 1 பார் பக்கத்தில் இருந்து தொடங்குங்கள். ஏற்கெனவே இருந்த எண்களை, முழுக்க மூடிய நிலையிலிருந்து எண்ணி, பேப்பரில் எழுதிவிட்டுத்தான் முதல் கிளிக். 2023-க்குப் பிறகு கிளிக்குகளைக் கையாலேயே திருகலாம். வசதிதான், ஆனால் கை சும்மா இருக்காது என்பதும் உண்மை.

குறை என்று சொன்னால், 2023-ல் வந்த ஃபிரேம் புதிதில் விறைப்பு. திராட்டில் கொடுக்கும்போது பின்பக்கம் பழைய மாடல் மாதிரி உட்காராது. கேடிஎம் வேண்டுமென்றே அப்படி அமைத்தது. அதனால் முன்பக்கம் உயர்ந்து நிதானம் தரும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த நிதானத்தை சேக்கிலும் ஃபோர்க் உயரத்திலும் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குள் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள். சீல்களும் படியட்டும், ஸ்போக்குகளையும் இரண்டு மூன்று முறை இறுக்க வேண்டிவரும்.

இத்தனைக்கும் பிறகு மணல்தரை, நீளமான வேகப் பாதை என்றால் ஸ்டீயரிங் டாம்பர் வாங்கலாம். ஸ்காட்ஸ் நிறுவனத்தின் சுழல் டாம்பர், ஓலின்ஸ் தயாரிப்பு, இதில் பேர்போனது. பொதுவான தடை, திடீர் அடிக்கான தடை, நடுவிலிருந்து எத்தனை கோணம் வரை தடை என்று மூன்றையும் தனித்தனியாக மாற்றலாம். மிகக் குறைந்த நிலையில் தொடங்கி இரண்டிரண்டு கிளிக்காக ஏற்றுங்கள். மெதுவான வளைவில் ஹேண்டில் கனக்கத் தொடங்கியதும் ஒரு படி இறங்கி நிறுத்துங்கள். மாட்டிய அன்று அதை முழுக்கத் திறந்துவிட்டு ஒரு சுற்று போங்கள்: அப்போது உதறல் இருந்தால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று பாக்கி இருக்கிறது.